கசிந்த குழாயில் கிடைத்த மெழுகு: பாலித்தீன் எப்படிப் பிறந்தது?

காலையில் பாலைக் காய்ச்சிய பிறகு அந்தப் பால் பாக்கெட்டைக் கசக்கிப் பாருங்கள். துணி மாதிரி மெத்தென்று மடங்கும். அடுத்து, தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று சத்தம் கேட்கும். நிறையத் தண்ணீரோடு இடுப்பில் ஏற்றினாலும் நெளியாது. இரண்டும் ஒரே பொருள் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். பால் பாக்கெட்டும் பாலித்தீன், நாம் வாங்கும் குடங்களில் பெரும்பாலானவையும் பாலித்தீன். கார்பன், ஹைட்ரஜன் என்ற இரண்டே தனிமங்களை விட்டால் அதில் வேறு ஒன்றும் கிடையாது.

உலகத்தில் மிக அதிகமாகத் தயாராகும் பிளாஸ்டிக் இது. ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல். இத்தனைக்கும் தொடக்கமாக இருந்தது அரை கிராம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பிசுக்கு. வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த இருவருக்கு அது கிடைத்தது. அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று உண்டு: அந்தச் சோதனையை வெற்றியாக்கிய முக்கியமான பொருளை அவர்கள் சேர்க்கவே இல்லை. அது தானாக உள்ளே வந்திருந்தது. அது என்ன என்று புரிய, முதலில் கொஞ்சம் வேதியியல் வேண்டும். பயப்பட வேண்டாம், கைகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

பாலித்தீனின் மூலப்பொருள் எத்திலீன் என்ற வாயு. நமக்குப் புதியது அல்ல. வாழைத்தாரைக் குழிக்குள் வைத்து, புகை போட்டு மூடிப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையில் இருந்து காயைப் பழுக்கச் செய்வது எத்திலீன்தான். பழங்களே கூட அதை வெளியிடும். ஒரு பழுத்த பழத்தோடு காய்களைப் போட்டு மூடினால் சீக்கிரம் பழுப்பது அதனால்தான். ஆலைகளுக்கு வேண்டிய எத்திலீனைப் பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் எடுக்கிறார்கள்.

ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரே கை. எத்திலீனில் இரண்டு கார்பன்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கைகளால் இரண்டு ஹைட்ரஜன்களைப் பிடித்திருக்கிறது. மீதி இரண்டு கைகளையும் எதிரே உள்ள கார்பனோடு கோத்திருக்கிறது, தட்டாமாலை சுற்றும் இரண்டு பிள்ளைகள் போல. இப்போது அந்த இரண்டு பிடிகளில் ஒன்றை விட்டுவிட்டால்? ஒரு பிடி நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை காலியாகும். காலியான கை பக்கத்து எத்திலீனைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போனால் வருகிற நீண்ட சங்கிலிதான் பாலித்தீன். 'பாலி' என்றால் கிரேக்கத்தில் 'பல'. பல எத்திலீன்கள் சேர்ந்தது பாலி எத்திலீன், நம் வாயில் பாலித்தீன். இப்படிச் சிறு அலகுகள் கோத்து உருவாகும் சங்கிலிகளுக்குப் பொதுப்பெயர் பாலிமர்.

சங்கிலி நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. சமையல் காஸில் ஒரு சங்கிலிக்கு மூன்று நான்கு கார்பன்கள்தான், அதனால் வாயு. பெட்ரோலில் ஐந்து முதல் பன்னிரண்டு வரை. திரவம், ஆனால் சட்டென்று ஆவியாகும். மண்ணெண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் நீளம். மெழுகுவர்த்தியில் இருபது முதல் நாற்பது, திடப்பொருளாகிவிட்டது, ஆனால் நகத்தால் கீறினால் உதிரும். பாலித்தீனில் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் லட்சத்தையும் தாண்டி. எல்லாம் ஒரே குடும்பம்தான். உடைத்த சேமியாவை அள்ளினால் கையிலிருந்து உதிரும், இடியாப்பத்தை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் சேர்ந்து வரும். நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வருகிற உறுதிதான் பாலித்தீனின் உறுதி.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எத்திலீன் அந்தப் பிடியை லேசில் விடாது. முதல் பிடியை விடுவிக்க யாராவது வேண்டும். அந்த ஆள் யார் என்று 1933இல் எவருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் செஷயர் என்ற மாவட்டம். அங்கே வின்னிங்டன் என்ற ஊரில் ஐசிஐ என்ற பெரிய ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். மிக அதிக அழுத்தத்தில் வாயுக்களும் திரவங்களும் எப்படி நடந்துகொள்ளும், புதிதாக ஏதாவது உருவாகுமா என்று அங்கே பல சோதனைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. இந்த வேலையில் இருந்தவர்கள் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் இருவரும். கிப்சன் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உயர் அழுத்தக் கருவிகளைக் கையாளப் பழகி வந்தவர்.

1933 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. எத்திலீனையும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் சேர்த்து ஒரு எஃகுக் கலனில் அடைத்தார்கள். பென்சால்டிஹைடு பாதாம் எசென்ஸ் மணம் வீசும் திரவம். இரண்டும் இணைந்து புதிய பொருள் ஒன்று வருமா என்பதுதான் கேள்வி. வெப்பம் 170 டிகிரி செல்சியஸ், அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு. இது எவ்வளவு என்றால், நம் பிரஷர் குக்கருக்குள் இருப்பது இரண்டு மடங்குதான். பூமியிலேயே ஆழமான கடல் பள்ளமான மரியானா அகழியின் அடியில்கூட 1,100 மடங்கை எட்டாது. கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கை ஒரு சின்ன எஃகுக் கலனுக்குள் அடைத்து, சனி ஞாயிறு முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அழுத்தம் இறங்கிக் கிடந்தது. எங்கோ கசிவு. சோதனை வீண் என்று முடிவுகட்டியிருக்கலாம். கலனைத் திறந்தார்கள். பென்சால்டிஹைடு போட்டபடியே இருந்தது, எதனோடும் சேரவில்லை. ஆனால் உள்ளே இருந்த எஃகுக் குழாயின் நுனி, மெழுகில் தோய்த்து எடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மெழுகு போன்ற திடப்பொருள் இருந்ததாகக் கிப்சன் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். சுரண்டி எடுத்தால் 0.4 கிராம். ஆராய்ந்து பார்த்ததில் அதில் பென்சால்டிஹைடின் தடயம் இல்லை. எத்திலீன் தன்னோடு தானே கோத்துக்கொண்டு உருவான பொருள் அது.

சரி, மறுபடி செய்து பார்ப்போம் என்று செய்தார்கள். அங்கேதான் வினை. சில தடவை ஒன்றுமே வரவில்லை. சில தடவை எத்திலீன் பயங்கரமாகச் சிதைந்து கலனே வெடித்தது. அளவுமானிகளும் இணைப்புகளும் பிய்த்துக்கொண்டு போயின. ஒரே செய்முறைக்கு மூன்று விதமான முடிவுகள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வேலை நிறுத்தப்பட்டது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் பொருளை உலகம் முதன்முதலில் பார்த்தது அப்போதும் அல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் ஃபோன் பெக்மன் 1898இலேயே வேறொரு ஆராய்ச்சியின்போது தற்செயலாக இதேபோன்ற வெள்ளைப் பொருளைக் கண்டார். வேறு சிலர் அதன் அமைப்பைக்கூடக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை, மறந்துபோனது. வின்னிங்டன் மெழுகுக்கும் அந்தக் கதிதான் வந்திருக்கும். 1935இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு கூட்டத்தில் ஃபாசெட் எழுந்து இப்படி ஒன்று கிடைத்தது என்று சொன்னார். பாலிமர்கள் நீண்ட சங்கிலிகள்தான் என்று உலகத்துக்கே நிறுவிய ஹெர்மன் ஸ்டாடிங்கர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எத்திலீன் அப்படிச் சங்கிலியாகும் என்பதை அவரே ஏற்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் மைக்கேல் பெரின், ஜான் பேட்டன், எட்மண்ட் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் இன்னும் உறுதியான கருவிகளோடு வின்னிங்டனில் மீண்டும் முயன்றார்கள். இந்தத் தடவை பென்சால்டிஹைடு இல்லை, எத்திலீன் மட்டும்தான். அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்க இறங்கப் புதிதாக எத்திலீனை உள்ளே செலுத்தினார்கள். கடைசியில் திறந்தபோது உள்ளே 8 கிராம் வெள்ளைத் தூள். இருபது மடங்கு! அப்புறம்தான் தெரிந்தது, அழுத்தம் அவ்வளவு இறங்கியதற்கு எத்திலீன் சங்கிலியானது மட்டும் காரணம் இல்லை, கலனிலும் ஒரு கசிவு இருந்தது. கசிந்ததை ஈடுகட்ட அவர்கள் செலுத்திய புது எத்திலீனில், மிகச் சரியான அளவில் ஒரு துளி ஆக்சிஜன் கலந்திருந்தது.

எத்திலீனின் பிடியை விடுவிக்கும் ஆள் ஆக்சிஜன்தான். சூட்டில் ஆக்சிஜன் கொஞ்சம் எத்திலீனோடு சேர்ந்து நிலையில்லாத ஒரு பொருளாகிறது. அது இரண்டாகப் பிளக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் இணை இல்லாத ஒரு கை மிஞ்சும். அந்தக் கை சும்மா இருக்காது, பக்கத்தில் இருக்கும் எத்திலீனின் ஒரு பிடியைப் பிரித்துப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் ஒரு கை காலியாகும், அது அடுத்ததைப் பற்றும். சங்கிலி ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது அந்த மூன்று விதமான முடிவுகளுக்கும் காரணம் விளங்கும். ஆக்சிஜன் போதாமல் இருந்தால் ஒன்றும் நடக்காது. கூடிப்போனால் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட சங்கிலிகள் ஓடும், சூடு கட்டுக்கடங்காமல் ஏறும், எத்திலீன் கரியாகவும் வாயுவாகவும் சிதைந்து வெடிக்கும். 1933இல் அவர்கள் அடைத்த வாயுவிலும் ஆக்சிஜன் தற்செயலாகச் சரியான அளவில் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த தடவைகளில் அளவு மாறிப்போனது, அவ்வளவுதான். உப்பு போடுகிறோம் என்றே தெரியாமல் சமைப்பவருக்கு ஒரு நாள் குழம்பு ருசியாகவும் மறுநாள் வாயில் வைக்க முடியாமலும் வருவதைப் போன்ற நிலைமை.

காரணம் தெரிந்ததும் வேலை வேகமெடுத்தது. எவ்வளவு ஆக்சிஜன் என்று அளந்து கொடுக்கக் கற்றார்கள். முதல் முழு அளவு ஆலை உற்பத்தியைத் தொடங்கிய நாள் 1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் படையோடு நுழைந்து இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அதே நாளில்தான்.

அதுவரை கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாக இருந்தது மலாய் நாட்டு மரங்களின் பாலில் இருந்து வரும் கட்டாபெர்ச்சா. அந்த இடத்துக்குத்தான் பாலித்தீன் வரும் என்று ஐசிஐ நினைத்திருந்தது. போர் வேறு வழிக்கு இழுத்தது. ரேடார் கருவியில் மின்னலைகள் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை திசை மாறும். சாதாரண மின்காப்புப் பொருட்கள் அந்த வேகத்தில் சூடாகி, அலையின் ஆற்றலை விழுங்கிவிடும். பாலித்தீன் சங்கிலியில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதில்லை, அதனால் அலை அதைத் தொந்தரவு செய்யாமல் கடந்து போகிறது. எடையும் குறைவு, ஈரமும் ஏறாது. விமானத்துக்குள் ரேடாரைப் பொருத்த இதுதான் உதவியது. பிரிட்டனின் ரேடார் முன்னோடி ராபர்ட் வாட்சன் வாட் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். போர் நடந்த ஆண்டுகளில் பாலித்தீன் ஒரு ராணுவப் பொருள். சாதாரண மக்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான்.

சரி, பால் பாக்கெட் புரிந்துவிட்டது. குடம்?

வின்னிங்டன் முறையில் உருவாகும் பாலித்தீன் மெத்தென்றுதான் இருக்கும். சங்கிலியின் நுனியில் இருக்கும் காலிக் கை அந்தச் சூட்டில் நிதானம் இல்லாமல், சில நேரம் வளைந்து தன் சங்கிலியின் நடுவிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். அப்போது காலி இடம் நடுவுக்கு வந்துவிடும், வளர்ச்சி அங்கிருந்து தொடரும். விளைவு, சங்கிலியில் கிளைகள். கருவேல முள்ளை வெட்டிக் கட்டாகக் கட்டிப் பாருங்கள், எத்தனை இறுக்கினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். தென்னை ஈர்க்குகளை அடுக்கிக் கட்டினால் விளக்குமாறு கெட்டியாக இறுகும். கிளைவிட்ட சங்கிலிகள் முள்கட்டு போன்றவை. அவற்றால் நெருங்கி அடுக்க முடியாது, பொருள் மென்மையாகிறது. கிளையில்லாத சங்கிலிகள் ஈர்க்குக் கட்டு. பக்கம் பக்கமாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும், பொருள் விறைப்பாகிறது. முதல் வகையை அடர்த்தி குறைந்த பாலித்தீன் என்றும் இரண்டாவதை அடர்த்தி மிகுந்த பாலித்தீன் என்றும் சொல்வார்கள். அடர்த்தி வித்தியாசம் ரொம்பக் குறைவு: ஒரு கன சென்டிமீட்டருக்கு முதலாவது சுமார் 0.92 கிராம், இரண்டாவது சுமார் 0.95 கிராம். இரண்டுமே தண்ணீரில் மிதக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பாக்கெட்டும் குடமும் பிரிகின்றன.

ஈர்க்குச் சங்கிலிகள் கிடைத்ததும் தற்செயலாகத்தான், அதிலும் யாரும் சேர்க்காத ஒரு பொருளால்தான். கதையின் இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது.

ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் நிலக்கரி ஆய்வுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கார்ல் சீக்லர் அலுமினியச் சேர்மங்களைக் கொண்டு எத்திலீன்களைக் கோக்க முயன்றுகொண்டிருந்தார். 1953இல் அவருடைய மாணவர் எர்ஹார்ட் ஹோல்ஸ்காம்ப் செய்த சோதனை ஒன்றில் சங்கிலி நீளவே இல்லை. இரண்டு எத்திலீன்கள் சேர்ந்ததும் நின்றுபோய், பியூட்டீன் என்ற வாயுதான் கிடைத்தது. இதே செய்முறை மற்ற நேரங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறதே, இப்போது மட்டும் ஏன் இப்படி? விடாமல் துருவினார்கள். கடைசியில் அகப்பட்டது, எஃகுக் கலனில் ஒட்டியிருந்த நிக்கல் உலோகத்தின் தடயம். கலனை அமிலத்தால் கழுவியதில் எஃகில் இருந்த நிக்கல் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் கலனை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பழைய வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். சீக்லரின் குழு அப்படி விடவில்லை. நிக்கல் தடயமே இவ்வளவு செய்கிறது என்றால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஹைன்ஸ் பிரைல் சிர்கோனியத்தை முயன்றபோது நேர் எதிரானது நடந்தது. சங்கிலி நிற்கவில்லை, நீண்டுகொண்டே போய் வெள்ளைப் பாலித்தீனாகக் குவிந்தது. டைட்டானியம் அதைவிடச் சிறப்பு. 2,000 மடங்கு அழுத்தமெல்லாம் தேவைப்படவில்லை, சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தில், நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்திலேயே பாலித்தீன் உருவானது. உலோக அணு ஒவ்வொரு எத்திலீனையும் ஒழுங்காக ஒரே முனையில் கோத்துவிடுகிறது, காலிக் கை நடுவுக்குத் தாவ இடமே இல்லை. அதனால்தான் கிளையில்லாத நேர்ச்சங்கிலி. தான் தீர்ந்துபோகாமல் வினையை நடத்திக் கொடுக்கும் இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் வினையூக்கி என்று பெயர். இந்த வேலைக்காகச் சீக்லருக்கும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் பால் ஹோகனும் ராபர்ட் பேங்க்ஸும் ஏறத்தாழ அதே காலத்தில் குரோமியத்தைக் கொண்டு இதே விறைப்பான வகைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தேடியது பெட்ரோலுக்கான சரக்கை! ஆரம்பத்தில் தரம் சீராக வராமல் தேங்கிக் கிடந்த அந்தப் பிளாஸ்டிக்கை விற்றுத் தீர்த்தது ஒரு விளையாட்டுச் சாமான். 1958இல் குழந்தைகள் இடுப்பில் சுழற்றிய ஹூலா ஹூப் வளையங்கள் அதில்தான் செய்யப்பட்டன.

மீதிக் கதை நம் தெருவிலேயே இருக்கிறது. தண்ணீரும் அமிலமும் கிருமியும் எளிதில் தொட முடியாத அந்த மந்தமான சங்கிலிதான் பாலைக் கெடாமல் காக்கிறது. அதே மந்தம்தான் ஒருதடவை தூக்கிப் போட்ட கவரை மக்கவும் விடுவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தடை வந்தபோது, கேரி பேக் போனது, பால் பாக்கெட்டுக்கு விலக்கு கிடைத்தது. வேதியியல் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம், அதை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இந்தக் குப்பையைப் பார்த்த விதம் வேறு. பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் சிதைந்து வாயுவாக மாற அதைவிட ரொம்ப அதிகச் சூடு வேண்டும். இந்த இடைவெளியை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஜல்லியை ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டு துண்டாக நறுக்கிய கவர்களை அதன்மேல் தூவினால், அரை நிமிடத்தில் உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோலாகப் போர்த்திவிடும். அதன்மேல் தாரைக் கலந்தால் பிடிமானம் கூடுகிறது, கல்லுக்குள் தண்ணீர் இறங்குவது குறைகிறது. தாரும் பாலித்தீனும் ஒரே பெட்ரோலியக் குடும்பம் என்பதால் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது, அதில் குளோரின் இருக்கிறது. இந்த முறைக்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடைசியாக ஒரு சோதனை, இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய பச்சைக் குடம் இரண்டு மூன்று கோடைகளாகக் கிடக்கிறது. நிழலில் இருந்த பக்கம் இன்னும் பச்சையாக, அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது. வெயில் பட்ட பக்கம் வெளுத்து, விரலால் தட்டினாலே பொரிந்து உடைகிறது. இதைச் செய்வதும் ஆக்சிஜன்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் சங்கிலியில் அங்கங்கே ஒரு கையை விடுவிக்கிறது, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்த இடத்தில் புகுந்து சங்கிலியை அறுக்கிறது. இதனால்தான் மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டிகளும் சொட்டுநீர்க் குழாய்களும் பெரும்பாலும் கறுப்பாக வருகின்றன. சுமார் 2 சதவீதம் கரித்தூளைக் கலந்துவிட்டால் அது கதிரை விழுங்கிக்கொள்ளும், சங்கிலி பிழைக்கும். பச்சைக் குடத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெளுத்த பக்கத்தை விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது: இடியாப்பம் மறுபடி உடைத்த சேமியாவாகிக்கொண்டிருக்கிறது.